ஆந்தைக்குக் குரல் கொடுத்த ஆர்செனியோ

வில்லரிக்கா நகரத்தில் ஆர்செனியோ ஒவெலாரைப் பார்த்தறியாதவர்கள் இருக்கலாம். கேட்டறியாதவர் ஒருவரும் கிடையாது. பழைய ஃபோக்ஸ்வேகன் காரின் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து உச்சி வெயில் வரை தெருத்தெருவாக ஊர்ந்து போவது அவன் தொழில். கோழிக்கறி மலிவு விற்பனை, காணாமல் போன பசு, கால்பந்துக் கிளப்பின் விருந்து, செத்துப்போனவரின் அடக்க நேரம், எல்லாமே அவன் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். உச்சிக்கு மேல் ஊர் தூங்கும், அவனும் தூங்குவான்.

சின்ன வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். மற்ற இருபது பிள்ளைகளின் குரலும் அவன் குரலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "நீ பாட வேண்டாம், கையை மட்டும் தட்டு" என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள். அப்படி அடக்கி வைத்ததெல்லாம் பின்னால் காரின் கூரை வழியாக வெளியே வந்தது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தப்பு செய்தான். கறிக்கடை அறிவிப்பையும் சாவு அறிவிப்பையும் ஒரே மூச்சில், ஒரே உற்சாகத்தில் சொல்லிவிட்டான். "இன்று ஒரு நாள் மட்டும், தவறவிடாதீர்கள்" என்பது கறிக்கா சவத்துக்கா என்று யாருக்கும் புரியவில்லை. செத்தவர் வீட்டார் துடைப்பத்தோடு வந்தார்கள். அதற்கப்புறம் அவன் இரண்டு குரல் வைத்துக்கொண்டான், இருப்பவர்களுக்கு ஒன்று, போனவர்களுக்கு ஒன்று. இரண்டாவது குரலை அவன் கற்றுக்கொண்டது அக்கா நிமியாவிடம்தான். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள். அவள் மெனக்கெட்டு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. "சாப்பாடு ஆச்சு" என்று அவள் சொன்னாலே வீட்டில் யாரோ தவறிவிட்ட மாதிரி இருக்கும்.

ஆர்செனியோ உண்மையில் உயிரோடிருந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில். கால்பந்துக் கிளப்பிலோ கோயில் முற்றத்திலோ ஏதாவது நன்கொடைக்காக பிங்கோ நடக்கும். கூடையைச் சுற்றி, விழுகிற உருண்டையிலிருக்கும் எண்ணைக் கூவுவது அவன் வேலை. ஊரே மேசைகளில் உட்கார்ந்து, அட்டையில் அந்த எண்ணைத் தேடி மக்காச்சோள மணியை வைத்து மறைக்கும், முதலில் நிரப்பியவர் "பிங்கோ" என்று கத்திக்கொண்டு எழுவார். எண்ணை எண்ணாகச் சொல்ல அவனுக்கு வராது, இலக்கம் இலக்கமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி வைப்பான். பூஜ்யம் என்றால், "வேலை செய்யாத வயித்துக்கு ஒரு சிப்பா", ஏனென்றால் அந்த ஊர் சிப்பா ரொட்டி வளையமாகத்தான் சுடப்படும். நாலு என்றால், "கவுத்துப் போட்ட நாற்காலி, யாரும் உக்காராதீங்க." மூன்று என்றால், "எட்டுல பாதி இங்க இருக்கு, மீதிப் பாதி பியூனஸ் அயர்ஸுக்கு வேலைக்குப் போனது இன்னும் திரும்பல." பிள்ளைகளை எல்லை தாண்டி அந்த ஊருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்கள்தான் அதற்கு அதிகம் சிரித்தார்கள். எட்டு விழுந்தால் மட்டும், முன் மேசையில் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சாமான் கடை எலாதியோ ஐயாவை, ஊர் வழக்கில் தோன் எலாதியோவைப் பார்த்துக் கை நீட்டுவான். "எட்டு. விருந்து முடிஞ்சு தோன் எலாதியோ அவுத்துவிட்ட இடுப்புப் பட்டை." தோன் எலாதியோ தன் பெருத்த வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். வில்லரிக்காவில் கேலிக்குக் கோபித்துக்கொள்கிறவன் வேறு ஊர் பார்த்துப் போகவேண்டியதுதான்.

அப்படியொரு ஞாயிறு தோன் எலாதியோவின் மகள் லிஸ் பாவோலா அப்பாவோடு வந்து உட்கார்ந்திருந்தாள். தலைநகரில் பொறியியல் படித்து, ஒரு தோழியோடு சேர்ந்து சின்னப் பட்டறை வைத்திருந்தாள். மூன்று ஆட்டம் முடியும்வரை அவள் அட்டையில் ஒரு மணிகூட வைக்கவில்லை. பேசுகிறவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் கலைந்ததும் நேரே அவனிடம் வந்தாள்.

"தோன் ஆர்செனியோ, உங்க குரல் எனக்கு வேணும்."

"என்ன விளம்பரம், இஞ்சினியரம்மா? கடை திறக்கிறீங்களா?"

"விளம்பரம் இல்ல. ஒரு ஆந்தைக்கு."

அவன் சுற்றிலும் பார்த்தான். யாராவது கேலிக்கு ஏவிவிட்டிருக்கிறார்களோ என்று சந்தேகம். அவள் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். பூசணிக்காய் அளவில் ஓர் ஆந்தை. கவுரேயி என்று பெயர் வைத்திருந்தாள். அது அந்தப் பக்கத்துக் குட்டி ஆந்தையின் பெயர். அதன் இறகு ஒன்று சட்டைப்பையில் இருந்தால் கடைக்கு ஆள் வரும், பெண் மனசு இளகும் என்று நம்பாதவர்கள் குறைவு. இந்தக் கவுரேயியோ சின்னப் பிள்ளைகளுக்கு எண் கற்றுக்கொடுக்கும் இயந்திர பொம்மை. "மூணைக் கொண்டா" என்று அது கேட்கும். பிள்ளை மரத்தில் செதுக்கிய எண்களிலிருந்து மூன்றைப் பொறுக்கி அதன் கண்ணுக்கு நேரே பிடித்தால், இறக்கையை அடித்துக்கொண்டு தலையை முழுச் சுற்றுச் சுற்றும். பிள்ளை எண்ணை வாயால் சொன்னாலும் கேட்டுப் பதில் சொல்லும்.

"எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள் லிஸ். "தலைநகர்ல ஒரு நடிகைய வச்சுப் பேச வச்சோம். தேன் மாதிரி குரல். பிள்ளைங்க ரெண்டு தரம் கேட்டுட்டு அப்படியே போட்டுட்டு ஓடிப்போச்சுங்க."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது நிமியா தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"பேசறதுக்கா கூப்பிடறாங்க, பேசாம இருக்கறதுக்கா?"

"பேசறதுக்குத்தான்க்கா."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு விவரம் பத்தல."

தோன் எலாதியோ வீட்டின் பின் அறையில் சுவர் முழுக்க மெத்தைகளைச் சாத்தி, நடுவில் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். ஆர்செனியோ சலவை செய்த சட்டையோடு போய் உட்கார்ந்தான். லிஸ் எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தான். "மிகவும் அருமை. நீ மூன்று என்னும் எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்தாய்." முதல் தடவை கத்திவிட்டான், கருவியின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. மெதுவாகச் சொல்லச் சொன்னாள். மெதுவாகச் சொன்னால் அது சாவுக்குரலாக வந்தது. மூன்று என்னும் எண் நேற்று மாலை காலமானது போலிருந்தது. பத்துத் தடவை படித்தும் வரவில்லை. சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

லிஸ் வெளியே கூட்டிப்போய் மாமரத்தடியில் டெரெரே ஊற்றிக் கொடுத்தாள். பனிக்கட்டி மிதக்கிற அந்தத் தழைச்சாறு இரண்டு கொம்புக் குவளை உள்ளே போனதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

"மெத்தைகிட்ட பேச வரலம்மா எனக்கு" என்றான். "ஒரு மூஞ்சி வேணும். கார்ல போனாக்கூட ஜன்னல் ஜன்னலா மூஞ்சி இருக்கும்."

லிஸ் கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே போய் அப்பாவைக் கூப்பிட்டாள், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டாள், ஆளனுப்பி நிமியாவையும் வரவழைத்தாள். எல்லோரையும் மெத்தைகளுக்கு நடுவே நெருக்கி உட்காரவைத்துக் கையில் ஆளுக்கொரு பிங்கோ அட்டையைக் கொடுத்தாள். எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டாள்.

"ஆட்டத்தை ஆரம்பிங்க, தோன் ஆர்செனியோ. நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க."

அப்புறம் என்ன, மடை திறந்த மாதிரி வந்தது. ஒன்பதை, "ஆறு தலைகீழா நின்னு டெரெரே குடிக்குது" என்றான். ஐந்தை, "தொப்பி போட்ட தொந்திக்காரி" என்றான். எட்டு வந்தபோது பழக்க தோஷம், கை தானாக நீண்டு தோன் எலாதியோவின் இடுப்புப் பட்டையும் உள்ளே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இல்லாத எண்ணை இருப்பதாகச் சொல்லி "பிங்கோ" என்று எழுந்தார். தப்பு என்று சொல்லி ஒருத்தரைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைக்க ஆர்செனியோவுக்கு எப்போதும் மனசு வராது. "அது இன்னும் பஸ்ஸுலதான் வந்துக்கிட்டிருக்கு, இறங்கல. வேற ஒண்ணு பாருங்க" என்றான். அப்போதுதான் அது நடந்தது. நிமியா சிரித்துவிட்டாள். மூக்கில் தொடங்கி, வயிற்றுக்குப் போய், விக்கலில் முடிகிற சிரிப்பு. அப்படியொரு சிரிப்பு அவளிடம் இருப்பது தம்பிக்கே அன்றுதான் தெரிந்தது. அவள் வெட்கப்பட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள். ஆனால் ஒலிவாங்கி அதற்குள் பிடித்துக்கொண்டுவிட்டது. லிஸ் அதை வெட்டி எறியவில்லை. பிள்ளை சரியான எண்ணைக் காட்டும்போதெல்லாம் ஆந்தை இனி நிமியாவின் சிரிப்பைத்தான் சிரிக்கும், தப்பாகக் காட்டினால் அந்தப் பஸ் சமாதானத்தைச் சொல்லும், பத்து வரை முடித்தால் "பிங்கோ" என்று கத்தும்.

ஊரின் பாலர் பள்ளிகளுக்கும் சில வீடுகளுக்கும் ஆந்தைகள் வந்தன. மழைக்காலம் முடிவதற்குள் வில்லரிக்காவின் ஜன்னல் தோறும் ஆர்செனியோவின் குரல் கேட்டது. நடைவண்டியை விட்டு இறங்காத பிள்ளைகூட நாலைப் பார்த்து நாற்காலி என்றது. பிள்ளைகள் ஆந்தையை விடுவதில்லை. சோறு ஊட்டினார்கள், தூங்கவைத்தார்கள். தப்பாகக் காட்டினாலும் அழவில்லை, "அது பஸ்ஸுல வருது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு வேறொன்றைத் தேடினார்கள். கார் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் போதும், குஞ்சு குளுவானெல்லாம் வாசலுக்கு ஓடி வந்து, கைகளை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு நின்றன. ஆர்செனியோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் இத்தனை வருஷம் அவன் குரலைத்தான் கேட்டார்கள். அவனைப் பார்க்க யாரும் ஓடி வந்ததில்லை.

வினையும் அந்த வழியாகவே வந்தது. மருந்துக்கடை ஃபெலிசியானா அம்மாள் காலமானாள். ஆர்செனியோ தன் இரண்டாவது குரலை எடுத்துக்கொண்டு, சவ ஊர்வலத்துக்கு முன்னால் காரை ஓட்டினான். "தன் எண்பத்தெட்டாம் வயதில்..." என்று தொடங்கினானோ இல்லையோ, பாலர் பள்ளி வேலிக்குப் பின்னால் நின்றிருந்த பிள்ளைகள் ஒரே குரலில், "இடுப்புப் பட்டை, இடுப்புப் பட்டை" என்று கத்திக்கொண்டு இறக்கையடித்தன. பின்னால் நடந்து வந்தவர்களில் ஒருவன் தாங்கமுடியாமல் சிரித்துவிட்டான். அவன் ஃபெலிசியானா அம்மாளின் சொந்தப் பேரன்.

மறுநாள் அடக்க ஏற்பாடு செய்யும் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வருத்தத்தோடுதான் பேசினார்.

"உன்மேல தப்பு சொல்லலப்பா. ஆனா உன் குரலைக் கேட்டா பிள்ளைங்க சிரிக்குது. அதைப் பாத்துப் பெரியவங்களும் சிரிச்சிடறாங்க. துக்க வீட்டுக்கு அது ஆகாது."

ஆர்செனியோ சரி என்று தலையாட்டினான். அவர் போனபின் வெகுநேரம் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஊரில் யார் போனாலும் கடைசியாகப் பெயர் சொல்லி அனுப்பியவன் அவன். அது தன் தொழிலில் பாதி என்பதைவிடப் பெரிய விஷயமென்று அது கைவிட்டுப் போனபிறகுதான் தெரிந்தது.

அந்தக் கவலை ஆறுவதற்குள் அடுத்த ஞாயிறு திருப்பலி. பாதிரியார் நிதானமாக, "பாடல் எண் எட்டு" என்றார். கன்னியர் நடத்தும் பாலர் பள்ளியின் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். எட்டு என்ற சொல் கோயில் கூரையில் பட்டுத் திரும்புவதற்குள், "விருந்து முடிஞ்சு தோன் எலாதியோ அவுத்துவிட்ட இடுப்புப் பட்டை" என்று நாற்பது தொண்டைகள் முழுசாக முழங்கின. அதோடு விடாமல் அத்தனை தலைகளும் திரும்பி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தோன் எலாதியோவின் வயிற்றைப் பார்த்தன. அவர் பாட்டுப் புத்தகத்தால் அதை மறைத்துக்கொண்டார். புத்தகம் போதவில்லை. கிளப்பில் சிரிப்பது வேறு, கர்த்தர் முன்னால் வேறு. அவர் அன்று மகளோடு சாப்பிட உட்காரவில்லை.

கன்னியர் பள்ளியின் தலைமை ஆசிரியை சிஸ்டர் பெர்னார்தா கூட்டம் போட்டார். பெற்றோர்களும் லிஸ்ஸும் ஆர்செனியோவும் சின்னப்பிள்ளை நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள்.

"எண்ணு கத்துக்கறது நல்லது" என்றார் சிஸ்டர். "ஆனா நான் பத்துன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பிங்கோன்னு எழுந்து நிக்குதுங்க. ஜெபம் முடிஞ்சு ஆமென் சொல்லணும், அதுக்கும் பிங்கோ. இது பள்ளிக்கூடமா, கிளப்பா?"

லிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆர்செனியோ எழுந்துவிட்டான். நாற்காலியும் அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதற்குக்கூட அவன் ஒரு கேலி சொல்லவில்லை.

"இஞ்சினியரம்மா, என் குரலை எடுத்துடுங்க. எனக்கு அளவு தெரியாது. சின்ன வயசுலயே மாதா கோயில்ல சொன்னாங்க, கையை மட்டும் தட்டுன்னு."

அப்படியே ஆயிற்று. கன்னியர் பள்ளி ஆந்தைகளில் மட்டும் தலைநகர் நடிகையின் தேன் குரலைப் போட்டார்கள். ஆர்செனியோ கோழிக்கறி அறிவிப்பைக்கூட இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பிங்கோவில் எண்ணை எண்ணாகச் சொன்னான். ஜனங்கள் அவனுக்கு ஜுரமா என்று கேட்டார்கள்.

"சாப்பாடு ஆச்சு" என்றாள் நிமியா. அவன் எழுந்திருக்காததைப் பார்த்து, "உன் சத்தம் இல்லாம இந்த வீடு கிணறு மாதிரி இருக்குடா" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

பள்ளியில் வேறொன்று நடந்தது. புதுக் குரலில் ஆந்தை பேசிய முதல் காலை, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் விளையாடவில்லை. சிஸ்டர் பெர்னார்தா அமைதியாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய் எட்டிப் பார்த்தார். ஆந்தைக்குக் கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்தது. நெற்றியில் ஈர இலை ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மூடியில் எலுமிச்சைச் சாறு. ஆந்தை போர்வைக்குள்ளிருந்து, "மிகவும் அருமை" என்று மெல்லச் சொன்னது. யெருத்தி என்ற சிறுமி விரலை உதட்டில் வைத்து சிஸ்டரை அடக்கினாள்.

"சத்தமாப் பேசாதீங்க, சிஸ்டர். அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

"யார் சொன்னா?"

"கேட்டாலே தெரியலையா? பாவம், சிரிக்கக்கூட முடியல."

மறுநாளும் போர்வை. அதற்கு மறுநாள் பிள்ளைகள் ஆந்தைக்காகத் தாங்களாகவே முட்டிபோட்டு ஜெபம் செய்தார்கள், கடைசியில் ஒழுங்காக ஆமென் சொன்னார்கள். ஒரே ஒருத்தன்கூட பிங்கோ என்று சொல்லவில்லை. சிஸ்டர் பெர்னார்தா அந்த ஜெபத்தைக் கதவோரம் நின்று முழுக்கக் கேட்டார். பிறகு அலுவலகத்துக்குப் போய் ஆர்செனியோவைக் கூப்பிட்டனுப்பினார்.

அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தான். லிஸ்ஸும் வந்திருந்தாள். "காலை வணக்கம்" என்று அவன் சொன்னதுதான் தாமதம், பிள்ளைகள் எல்லாம் சட்டென்று திரும்பிவிட்டன. யெருத்தி அவன் வாயை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க ஆந்தைய முழுங்கிட்டீங்களா?"

ஆர்செனியோ ஒரு கணம் சிஸ்டரைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல கண்ணு" என்று அவன் தரையில் உட்கார்ந்தான். "அதுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. தொலைஞ்சுடப் போகுதேன்னு குரலை என்கிட்ட குடுத்து வச்சுது. திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்."

லிஸ் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழைய குரலை மறுபடி ஏற்றினாள். யெருத்தி மூன்றைக் காட்டினாள். ஆந்தை இறக்கையடித்து, தலையைச் சுற்றி, மீதிப் பாதி இன்னும் பியூனஸ் அயர்ஸிலிருந்து திரும்பவில்லை என்று அறிவித்துவிட்டு, நிமியாவின் விக்கல் வரைக்கும் சிரித்தது. வகுப்பே எழுந்து குதித்தது. ஆர்செனியோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சிஸ்டர் பெர்னார்தா அவன் காதோரம் குனிந்தார்.

"குரலைத்தான் குடுத்தாச்சே. கேட் தாண்டற வரைக்கும் மூச்சு விடாதே."

அவன் வாயை மூடிக்கொண்டு, கையாலேயே எல்லோருக்கும் விடை சொல்லி நடந்தான். பிள்ளைகள் வேலி வரை வந்து வழியனுப்பினார்கள். தெருமுனை திரும்பி, ஒரு பால்காரனைத் தவிர யாருமில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தான். பால்காரனின் குதிரை மிரண்டது.

ஒரு சமரசம் மட்டும் மீதியிருந்தது. எட்டை மாற்ற வேண்டும். "ரெண்டு சிப்பா, ஒண்ணு மேல ஒண்ணு" என்று புதிதாகப் பேசிக் கொடுத்தான், எல்லா ஆந்தைகளிலும் அதைப் போட்டார்கள். கொஞ்ச நாளில் தோன் எலாதியோ அவன் காரைக் கைகாட்டி நிறுத்தினார். அங்கே இங்கே ஆணி விலை, மழை என்று பேச்சை இழுத்தார்.

"இப்பல்லாம் தெருவுல போனா ஒரு பிள்ளையும் என்னைத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது, ஆர்செனியோ. முன்னெல்லாம் பள்ளிக்கூடம் விட்டா என் கடை வாசல்லதான் நிக்கும்."

"இடுப்புப் பட்டைய மறுபடி போடச் சொல்லட்டுமா, தோன் எலாதியோ?"

"நான் அப்படிச் சொல்லல" என்றார் அவர். காரின் கதவை விடவும் இல்லை. "கோயில்ல மட்டும் வேண்டாம்னு ஆந்தைகிட்ட சொல்லிவைக்க முடியுமான்னு உன் இஞ்சினியரம்மாவக் கேளு."

லிஸ் அப்பாவுக்காக ஒரு வழி செய்துகொடுத்தாள். எட்டு கேட்டால் ஆந்தை ஒரு தரம் சிப்பா சொல்லும், ஒரு தரம் இடுப்புப் பட்டை சொல்லும். பாதிரியார் தன் பங்குக்கு எட்டாம் எண் பாட்டையே எடுப்பதில்லை.

அடக்கக் கடைக்காரரின் சிக்கலும் தீர்ந்தது. புதிதாக ஓர் ஆளைத் தேடி அலைந்துகொண்டிருந்தவர், சீருடைத் துணி கொடுக்க வந்த இடத்தில் நிமியா "உக்காருங்க" என்று சொன்னதைக் கேட்டு, உட்காராமல் நின்றுவிட்டார். இப்போது துக்க அறிவிப்பு எல்லாம் அவள்தான். ஆர்செனியோ காரை ஓட்டுவான், அவள் பக்கத்து இருக்கையில் கறுப்புச் சால்வையோடு உட்கார்ந்து ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்வாள். அவள் பெயர் சொல்லி அனுப்புவதென்றால் ஒரு முறை செத்துப் பார்க்கலாம் என்று வில்லரிக்காவில் கிழவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவளுடைய சிரிப்புதான் ஆந்தைக்குள் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது.

லிஸ் அடுத்ததாக எழுத்துக்குப் போகலாம் என்கிறாள். ஆர்செனியோ ஒத்துக்கொண்டிருக்கிறான். அன்று தொட்டு காரில் எழுத்தைத் தவிர வேறு பேச்சில்லை. வட்டமான O என்பது சுலபம், கால்பந்தில் கோல் போட்டவன் வாய். எஸ் என்பது சாராயக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவனின் பாதை, சிஸ்டர் பெர்னார்தா அதை நிச்சயம் வெட்டிவிடுவார். 'ஞ' என்று ஒலிக்கும், தலையில் மீசை வைத்த அந்த 'ñ' எழுத்துக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. நேற்றும் ஓர் அடக்கத்திலிருந்து திரும்பும்போது அதையே கேட்டுக்கொண்டு வந்தான்.

"மீசை மூக்குக்குக் கீழதானே இருக்கணும், தலைக்கு மேல ஏன்க்கா இருக்கு?"

"காத்தடிச்சிருக்கும்" என்றாள் நிமியா, இரங்கல் சொல்லும் அதே குரலில். "ஒலிபெருக்கிய அணைச்சியா?"

அணைக்கவில்லை. தெரு முழுக்க அது கேட்டுவிட்டிருந்தது.